முதலில் ஈயம் வைக்கப் பழகுங்கள்: பட்டறைக் கேள்வி-பதில்

கருவிகளைக் கூட்டாக வாங்கிப் பகிர்ந்துகொள்ளும் பட்டறையான ஹேக்கர்ஸ்பேஸ் பற்றிப் போன மாதம் எழுதியதற்கு வந்த கடிதங்களில் சில இங்கே. நான் டிவி ரிப்பேர் பார்த்தவள். பத்து வருடமாக ஒரு ஹேக்கர்ஸ்பேஸில் சனிக்கிழமைதோறும் சால்டரிங் வகுப்பு எடுக்கிறேன், அதாவது ஈயத்தை உருக்கி மின் பாகங்களைப் போர்டில் இணைக்கும் வேலை. பதில்களில் ஈய வாடை கொஞ்சம் தூக்கலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் மகன் வாரம் தவறாமல் ‘ஹேக்கர்ஸ்பேஸ்’ போகிறான். பெயரைக் கேட்டாலே வயிற்றைக் கலக்குகிறது. அடுத்தவர் கணினிக்குள் நுழையக் கற்றுத் தருகிறார்களா?
*ஒரு தாய்*

பெயரால் வந்த வம்பு, அம்மா. அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தில் 1946-ல் ஒரு மாடல் ரயில் சங்கம் தொடங்கினார்கள். ரயில் பொம்மைக்கு அடியில் ரிலேயும் ஒயருமாகக் கிடந்த பையன்கள், சாமர்த்தியமாக முடித்த வேலையை ‘ஹேக்’ என்று சொல்லிக்கொண்டார்கள். திருட்டு அர்த்தமெல்லாம் பிறகு வந்து ஒட்டிக்கொண்டது. பெர்லினில் சி-பேஸ் என்ற ஹேக்கர்ஸ்பேஸ் 1995-லேயே வந்துவிட்டது. 2007-ல் ஜெர்மனியில் நடந்த ஹேக்கர் முகாமுக்குப் போன அமெரிக்கர்கள் இப்படிப்பட்ட இடங்களைப் பார்த்து ஆசைப்பட்டு, ஊர் திரும்பித் தாங்களும் தொடங்கினார்கள். சான் பிரான்சிஸ்கோவின் நாய்ஸ்பிரிட்ஜ் அப்படி வந்ததுதான்.

நடப்பது இவ்வளவுதான்: ஒருவரால் வாங்க முடியாத கருவிகளைப் பத்துப் பேர் சந்தா போட்டு வாங்கி, தெரிந்தவர் தெரியாதவருக்குச் சொல்லித் தருகிறார்கள். மகனின் சட்டையைப் பாருங்கள். பொட்டுப் பொட்டாகப் பொத்தல் இருந்தால் சால்டரிங். மரத்தூள் இருந்தால் தச்சு. ஒன்றுமே இல்லையென்றால் அரட்டை அடித்துவிட்டு வருகிறான். அங்கே அதுவும் ஒரு வேலைதான். பெரும்பாலான இடங்களில் வாரத்தில் ஒரு மாலை எல்லாருக்கும் கதவு திறந்திருக்கும். நீங்களும் ஒருமுறை போய்ப் பாருங்கள்.

சேர்ந்துவிட்டேன். வகுப்புப் பட்டியலில் சால்டரிங், ஆர்டுயினோ, 3டி பிரிண்டிங், லேசர், மரவேலை என்று நீள்கிறது. முதலில் எதற்குப் போகலாம்? எனக்கு 3டி பிரிண்டர் மீதுதான் ஆசை.
*கல்லூரி மாணவி*

ஆசையைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். முதலில் சால்டரிங். நான் எடுக்கிற வகுப்பு என்பதால் சொல்லவில்லை (சரி, அதுவும் ஒரு காரணம்). இரண்டு மணி நேரத்தில் கை கற்றுக்கொள்கிற வித்தை. அப்புறம் ஆயுசுக்கும் மறக்காது.

வருகிறவர்களில் பாதிப் பேர் செய்வது ஒரே தப்பு. அயர்ன் முனையில் ஈயத்தை உருக்கி, பெயின்ட் பிரஷ் மாதிரி எடுத்துப் போய் போர்டில் தடவுவார்கள். ஈயக் கம்பியின் நடுவே ஃப்ளக்ஸ் இருக்கிறது. செம்பின் மேல் படிந்த ஆக்சைடைச் சுத்தம் செய்வது அதுதான். போகிற வழியிலேயே அது புகைந்து தீர்ந்துவிட்டால், ஈயம் ஒட்டாமல் உருண்டையாக நிற்கும். நாங்கள் ரிப்பேர்காரர்கள் இதை ‘டிரை சால்டர்’ என்போம். பார்த்தால் ஒட்டிய மாதிரி தெரியும். தட்டினால் படம் வரும், விட்டால் போகும். என் ரிப்பேர் வாழ்க்கையில் பாதி இதைத் தேடுவதிலேயே போனது.

சரியான முறை வேறு. முனையால் போர்டையும் பாகத்தின் காலையும் சேர்த்துச் சூடாக்குங்கள். மனசுக்குள் இரண்டு எண்ணி, ஈயத்தை முனையில் வைக்காமல் அந்தச் சந்திப்பில் வையுங்கள். தானே வழிந்து ஓடி, எரிமலை மாதிரிச் சரிவாக உட்காரும். முதலில் ஈயத்தை எடுங்கள், பிறகு அயர்னை. 60/40 கம்பி (60 பங்கு வெள்ளீயம், 40 பங்கு ஈயம்) 183 டிகிரியில் உருக ஆரம்பிக்கும். ஈயமில்லாத வகைக்கு 217-க்கு மேல் வேண்டும். ஆனாலும் அயர்னை 350 பக்கம் வைக்கச் சொல்வேன். குறைந்த சூட்டில் நெடுநேரம் அழுத்திக்கொண்டிருப்பதுதான் போர்டைக் கெடுக்கும். கண்ணைக் கரிக்கும் புகை ஃப்ளக்ஸின் புகை. அந்தச் சூட்டில் ஈயம் ஆவியாகாது. ஈயம் உடம்புக்குள் போவது விரல் வழியாக, வாய் வழியாக. வகுப்பு முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவாமல் யாரையும் நான் வெளியே விடுவதில்லை.

அடுத்து ஆர்டுயினோ போகலாம், நிரல் எழுதி இயக்கும் சின்ன மின்னணு போர்டு அது. அங்கே 5 வோல்ட்டில் சிவப்பு எல்.இ.டி. எரிய வைக்கச் சொன்னால், 220 ஓம் ரெசிஸ்டரைச் சேர்க்க மறக்காதீர்கள். எல்.இ.டி. 2 வோல்ட் எடுத்துக்கொள்ளும். மீதி 3 வோல்ட்டை 220-ஆல் வகுத்தால் சுமார் 14 மில்லி ஆம்பியர், எல்.இ.டி. தாங்கும் அளவு. ரெசிஸ்டர் இல்லாமல் இணைத்து, ஒரு பளிச்சோடு முடிந்த எல்.இ.டி-கள் ஒரு டப்பா நிறைய வைத்திருக்கிறேன். வகுப்பில் காட்டுவதற்கு.

பிறகாவது 3டி பிரிண்டர்?
*அதே மாணவி, அதே கடிதத்தின் பின்பக்கத்தில்*

பிறகு தாராளமாக. ஆனால் யாரோ வரைந்த பொம்மையை இறக்கி அச்சடிப்பதற்கு வகுப்பு வேண்டாம், பொறுமை போதும். வரையச் சொல்லித் தரும் வகுப்பா என்று கேட்டுச் சேருங்கள். வீட்டில் உடைந்த ஒரு குமிழைக் கொண்டு போங்கள். அது ஏறி உட்காரும் தண்டை வெர்னியரால் அளந்தால் 6 மில்லிமீட்டர் வரும். துளையையும் 6 என்று வரைந்தால் ஏறவே ஏறாது, பிளாஸ்டிக் கொஞ்சம் பிதுங்கியிருக்கும். 6.2 வைத்துப் பாருங்கள். அந்த 0.2-ஐக் கண்டுபிடிக்க நான் நான்கு குமிழ் அடித்தேன்.

இந்த இயந்திரம் இப்படிப்பட்ட இடங்களுக்குள் வந்த கதையும் சுவையானது. இங்கிலாந்தின் பாத் பல்கலைக்கழகத்தில் ஏட்ரியன் போயர் 2005-ல், தன் பாகங்களைத் தானே அச்சடிக்கும் இயந்திரம் என்று ரெப்ராப் திட்டத்தைத் தொடங்கி, வரைபடங்களை எல்லாருக்கும் திறந்துவிட்டார். 2009-ல் இந்த அச்சு முறையின் அடிப்படைக் காப்புரிமையும் காலாவதியானது. அதே ஆண்டு, என்.ஒய்.சி. ரெசிஸ்டர் என்ற ஹேக்கர்ஸ்பேஸில் பழகிய நண்பர்கள் மேக்கர்பாட் கம்பெனியை ஆரம்பித்தார்கள்.

லேசர் கட்டரில் எந்தப் பிளாஸ்டிக்கையும் வெட்டலாமா? எங்கள் இடத்தில் ஆளுக்கொன்று சொல்கிறார்கள்.
*புது உறுப்பினர்*

இந்தக் கேள்விக்காகக் காத்திருந்தேன், ஏனென்றால் குற்றவாளி நானே. மூன்றாம் வருடம், குப்பைப் பெட்டியில் கிடந்த ஒரு கறுப்புத் தகடு. பளபளவென்று இருந்தது, அக்ரிலிக் என்று நினைத்துவிட்டேன். வெட்டத் தொடங்கியதும் மூக்கைக் குத்துகிற காரநெடி. நிறுத்துவதற்குள் பத்து சென்டிமீட்டர் போய்விட்டது. அது பி.வி.சி. சுட்டால் ஹைட்ரஜன் குளோரைடு வாயு வரும். காற்றிலுள்ள ஈரத்தோடு சேர்ந்தால் அமிலம். நுரையீரலுக்கும் கேடு, இயந்திரத்துக்கும் கேடு. அடுத்த வாரம், லேசர் தலை ஓடுகிற தண்டவாளக் கம்பிகளில் செம்மண் நிறத்தில் துரு. லேசரின் கண்ணாடியை மாற்றினோம். யாரும் திட்டவில்லை, அதுதான் இன்னும் உறுத்துகிறது. துருவைத் தேய்த்து எடுக்க எனக்கு இரண்டு சனிக்கிழமை ஆனது.

அன்றிலிருந்து, பெயர் தெரியாத பிளாஸ்டிக்குக்கு ஒரு சோதனை வைத்திருக்கிறோம். செம்புக் கம்பியைச் சுடரில் பழுக்கக் காய்ச்சி, பிளாஸ்டிக்கின் ஓரத்தில் தொட்டு, மறுபடி சுடரில் காட்டுவோம். சுடர் பச்சையாக மாறினால் குளோரின் இருக்கிறது, தூக்கிப் போடுங்கள். ஜன்னலைத் திறந்து வைத்து, துளியூண்டு எடுத்துச் செய்யுங்கள். அக்ரிலிக், ஒட்டுப்பலகை, அட்டை எல்லாம் தாராளமாக வெட்டலாம். ஆனால் ஓடும் இயந்திரத்தை விட்டு நகரக் கூடாது. அட்டை சட்டென்று பற்றிக்கொள்ளும்.

லேத் வகுப்பில் கையுறையைக் கழற்றச் சொன்னார்கள். பாதுகாப்புக்குத்தானே போட்டேன்?
*வருத்தத்துடன் ஒருவர்*

சொன்னவருக்கு ஒரு கும்பிடு போடுங்கள். பொருளைப் பிடித்துச் சுழலும் பாகமான சக், கையுறை நூலைப் பிடித்தால், கையோடு சேர்த்து இழுக்கும். டிரில் மெஷினுக்கும் இதே கதை. கண்ணாடி போடுங்கள், முடியைக் கட்டுங்கள், தொங்குகிற எதுவும் கழுத்தில் வேண்டாம்.

எனக்கு வயது 61. மின்சாரம் என்றால் ஸ்விட்ச் போடத் தெரியும், அவ்வளவுதான். எனக்கு அங்கே என்ன இருக்கிறது?
*ஓய்வுபெற்றவர்*

ரிப்பேர் நாள் இருக்கிறது, ஐயா. 2009-ல் ஆம்ஸ்டர்டாமில் மார்ட்டின் போஸ்ட்மா என்ற பெண்மணி ‘ரிப்பேர் கஃபே’ என்று தொடங்கியது, இன்று பல ஹேக்கர்ஸ்பேஸ்களில் மாதம் ஒரு நாள் நடக்கிறது. பொருளைக் கொடுத்துவிட்டுப் போக முடியாது, கூடவே உட்கார வேண்டும். ஒரு மேஜை விளக்கை எடுத்துக்கொண்டு வாருங்கள். பிளக்கைக் கழற்றி வைத்துவிட்டு, மல்டிமீட்டரை (மின் அளவுக் கருவி), இணைப்பு இருந்தால் ஒலிக்கும் ‘பீப்’ நிலையில் வைத்து, ஒயரின் இரு முனையையும் தொட்டுப் பார்ப்போம். பீப் வரவில்லையா? ஒயர் பெரும்பாலும் பிளக்கை ஒட்டித்தான் அறுந்திருக்கும், தினமும் வளைகிற இடம் அது. வெட்டி மறுபடி இணைத்துப் பீப் கேட்கும்போது உங்கள் முகத்தை நீங்களே பார்க்க வேண்டும். மைக்ரோவேவ் அடுப்பை மட்டும் கொண்டு வராதீர்கள். பிளக்கை எடுத்த பிறகும் உள்ளே கெப்பாசிட்டரில் 2,000 வோல்ட் அளவுக்குத் தங்கியிருக்கலாம்.

பூட்டுத் திறக்கும் வகுப்பு வேறு நடத்துகிறார்களாமே! இது நியாயமா?

இரண்டே விதி: பூட்டு உங்களுடையதாக இருக்க வேண்டும், இப்போது பயன்பாட்டில் இருக்கக் கூடாது. வகுப்பு முடிந்து போகிறவர்கள் முதலில் செய்வது தங்கள் வீட்டுக்கு நல்ல பூட்டு வாங்குவது.

நாங்கள் எட்டுப் பேர் சேர்ந்து ஒரு ஹேக்கர்ஸ்பேஸ் தொடங்க நினைக்கிறோம். வாரக் கூட்டத்தை எந்தக் கிழமை வைப்பது என்று மூன்று மாதமாகப் பேசியும் முடிவாகவில்லை. யாராவது ஒருவருக்கு எந்த நாளும் ஒத்துவருவதில்லை.

இந்த வியாதிக்கு 2007-லேயே மருந்து எழுதிவிட்டார்கள். ஹேக்கர்ஸ்பேஸ் நடத்துவதன் சூத்திரங்கள் என்று ஜெர்மனியில் இருவர் அந்த ஆண்டு ஓர் உரை நிகழ்த்தினார்கள். அதில் உங்கள் பிரச்சினை அப்படியே இருக்கிறது: எந்தக் கிழமையும் எல்லாருக்கும் ஒத்துவராது. தீர்வு, விவாதமே வேண்டாம், செவ்வாய்க்கிழமை வையுங்கள்.

செவ்வாயில் என்ன விசேஷம் என்று எனக்கு எழுதிக் கேட்காதீர்கள். எட்டுப் பேருக்கும் இன்றே தகவல் அனுப்புங்கள். ஐந்து பேர் வருவார்கள். போகும்போது ஒரு எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் எடுத்துப் போங்கள், எந்த இடத்திலும் ஒரு பிளக் குறையும்.