சுற்றினால் மட்டும் போதாது

கேள்வி: கன்னியாகுமரி கடற்கரையில் சூரியன், சந்திரன், தமிழ் எழுத்து எல்லாம் சுற்றுகிற மாதிரி ஒரு இயங்கு சிற்பம் வைக்கலாம் என்று நண்பர்கள் சொல்கிறார்கள். சிற்பம் என்றால் அசையாமல் நிற்க வேண்டாமா? இது பொருட்காட்சி பொம்மைதானே?
— ஒரு வாசகர், தக்கலை

பதில்: தக்கலையில் இருந்துகொண்டு இப்படிக் கேட்கலாமா? பக்கத்திலேயே பத்மநாபபுரம் அரண்மனை, அங்கே மணிக்கூண்டில் எடை இறங்க இறங்கத்தான் கடிகாரம் ஓடுகிறது. 1956 வரை நாம் இருந்த திருவிதாங்கூர்-கொச்சியின் தலைநகர் திருவனந்தபுரத்தில், பத்மநாபசுவாமி கோயில் பக்கம் மேத்தன் மணி என்கிற கடிகாரத்தைப் பார்த்திருப்பீர்கள். மணி அடிக்கும்போது தாடிக்காரர் வாயைத் திறப்பார், இரண்டு பக்கமிருந்தும் ஆட்டுக்கடாக்கள் பாய்ந்து கன்னத்தில் முட்டும். அதுவும் சிற்பம்தான்.

ஆனால் மோட்டாரை மாட்டிச் சும்மா சுற்றவிட்டால் நீங்கள் சொல்வது சரி, பொம்மையேதான். வானத்துக்குக் கட்டுப்பட்டுச் சுற்ற வேண்டும். 19 வருஷத்தில் 235 பௌர்ணமி, பிசகு சுமார் இரண்டு மணி நேரம்தான். சூரியச் சக்கரம் 19 சுற்று சுற்றும்போது சந்திரச் சக்கரம் 235 சுற்று சுற்ற வேண்டும். 235 என்பது ஐந்து 47, ஆக 47 பல் வைத்த ஒரு சக்கரத்தைப் பிசிறில்லாமல் வெட்டத் தெரிந்தவர் கிடைத்தால் பாதி வேலை முடிந்தது. இதே கணக்கைக் கிரேக்கர்கள் ஏறத்தாழ ஈராயிரம் வருஷத்துக்கு முன்பே ஆண்டிகிதெரா கருவியில் வெண்கலப் பல்சக்கரங்களாகச் செய்துவிட்டார்கள்.

எழுத்துக்கு நம்மிடம் சக்கரபந்தம் இருக்கிறது, பாட்டின் எழுத்துகளைச் சக்கர வடிவில் அடுக்கும் முறை. நடுவில் ஓர் எழுத்து, எல்லா ஆரத்துக்கும் அதுவே பொது. பாட்டை வளையம் வளையமாகப் பிரித்து, சில வளையங்களைச் சூரியச் சக்கரத்தோடும் மற்றதைச் சந்திரச் சக்கரத்தோடும் பூட்டினால் மற்ற நாளெல்லாம் எழுத்து சிதறிக் கிடக்கும். சித்ரா பௌர்ணமி மாலை, மேற்கே சூரியன் இறங்கக் கிழக்கே நிலா ஏறுகிற நேரத்தில் மட்டும் ஆரங்கள் ஏறக்குறைய நேராகி முழுப் பாட்டும் படிக்கக் கிடைக்கும். இதை யாராவது செய்து பார்க்க வேண்டும் என்று எனக்கு ரொம்ப ஆசை.

ஓட்டக் கரண்ட் எதற்கு? முப்பந்தல் காற்றாலைகளைச் சுற்றவைக்கிற காற்று நம் மாவட்டத்துக் காற்றுதானே. ஆனால் அது ஒரே சீராக அடிக்காது, நேராகச் சக்கரத்தில் பூட்டினால் கணக்கு கெடும். எடையை மேலே ஏற்ற மட்டும் காற்று, இறங்கும் வேகத்தை ஊசல் பார்த்துக்கொள்ளட்டும்.

அப்புறம் பராமரிப்பு. உப்புக்காற்றில் இரும்பு துருப்பிடிக்கும், வெண்கலம்தான் சரி. எண்ணெய் விட, பிசகைத் திருத்தச் சம்பளத்தோடு ஒரு ஆள் வேண்டும். திறப்பு விழாவுக்கு ஒதுக்குகிற பணத்தை முதலில் அவர் சம்பளத்துக்கு ஒதுக்கச் சொல்லுங்கள். நண்பர்கள் அதற்குச் சம்மதித்தால் வரைபடத்தை அனுப்புங்கள், இந்தப் பக்கத்திலேயே போடுகிறேன்.