வாடகையா, கிரயமா? (வாசகர் கடிதமும் பதிலும்)

அன்புள்ள அய்யா,

நாங்கள் திருச்சியில் ஐந்து பேர் சேர்ந்து கச்சேரி செய்கிறோம். வயலின், வீணை, புல்லாங்குழல், மிருதங்கம், கடம். பாட்டு கிடையாது. சென்ற கோடையில் ஒரு பள்ளிக்கூட அரங்கில், மின்விசிறிகளை அணைத்துவிட்டு, ராத்திரியில் ஒரு முழுக் கச்சேரியைப் பதிவு செய்தோம். ஒரு வர்ணம், தியாகராஜர் கிருதிகள், பாபநாசம் சிவன் பாட்டு ஒன்று, தோடியில் ராகம் தானம் பல்லவி, முடிவில் லால்குடி தில்லானா. ஒரு கம்பெனி வெளியிடத் தயாராக இருக்கிறது. பணம் தர மாட்டார்களாம். எல்லா உரிமையையும் நிரந்தரமாக எழுதிக் கேட்கிறார்கள். மிருதங்கக்காரர், "பேசாமல் யூடியூபில் போட்டுவிடலாம்" என்கிறார். நாங்களே வெளியிட்டால் கேட்பவர்களிடம் போய்ச் சேருமா? கைக்கு ஏதாவது வருமா?

(பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்)
திருச்சி

அன்புள்ள நண்பருக்கு,

முதலில், கையெழுத்துப் போடாதீர்கள்.

கேசட் காலத்தில் கம்பெனியைத் தேடிப் போனதில் நியாயம் இருந்தது. ஸ்டுடியோ, பிரதி எடுக்கும் இயந்திரம், கடை கடையாகச் சரக்கு அனுப்பும் ஆட்கள், எல்லாம் அவர்களிடம்தான் இருந்தன. நீங்களோ பதிவையே முடித்து வைத்திருக்கிறீர்கள். இனி அந்தக் கம்பெனி செய்யப்போவதெல்லாம் ஒரு விநியோகஸ்தர் வழியாக ஸ்பாட்டிஃபை, ஆப்பிள் மியூசிக் போன்றவற்றில் ஏற்றுவதுதான். அதே வேலையை டிஸ்ட்ரோகிட், சிடி பேபி போன்றவர்கள் உங்களுக்கும் செய்து தருவார்கள். முதலாமவரிடம் வருடச் சந்தா. இரண்டாமவரிடம் வெளியீட்டுக்கு ஒருமுறை கட்டணம், பிறகு வருமானத்தில் சிறு பங்கு. சந்தா நின்றால் பாட்டும் இறங்கிவிடக்கூடும். ஐந்து பேர் உள்ள குழுவில் "அவர் கட்டியிருப்பார்" என்று ஐந்து பேருமே இருந்துவிடுவார்கள். ஆகவே உங்களுக்கு இரண்டாவது வழி தேவலை.

அந்தக் கம்பெனிதான் வேண்டும் என்றால், வாடகைக்கு விடுங்கள். கிரயம் எழுதிக் கொடுக்காதீர்கள். இவ்வளவு ஆண்டுகளுக்கு உரிமம் என்று எழுதினால், காலம் முடிந்ததும் பதிவு உங்களிடம் திரும்பி வரும். நம் காப்புரிமைச் சட்டம் இதில் கலைஞருக்குக் கொஞ்சம் அனுகூலமானது. உரிமையை எழுதிக் கொடுக்கும் பத்திரத்தில் காலம் சொல்லப்படவில்லை என்றால் 5 ஆண்டுகள் என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டும். எல்லை சொல்லப்படவில்லை என்றால் இந்தியாவுக்குள் மட்டும். "நிரந்தரமாக, உலகம் முழுவதும்" என்று அவர்கள் மறக்காமல் போடுவது இதனால்தான். ஒலிப்பதிவுக்கான காப்புரிமை வெளியான பிறகு 60 ஆண்டுகள். உங்கள் பேரன் பேத்திகளும் அந்தக் கம்பெனியைத்தான் கேட்க வேண்டியிருக்கும்.

சொந்தமாக வெளியிடுவது ஒன்றும் புதிதல்ல. ஆக்ஸ்ஃபோர்டில் 1973-இல் தொடங்கிய தாலிஸ் ஸ்காலர்ஸ் என்ற பாடகர் குழு, வாத்தியமே இல்லாமல், பெரும்பாலும் பல நூற்றாண்டு பழைய தேவாலயப் பாடல்களையே பாடியது. 1980 வாக்கில் அவர்களே கிமெல் என்ற பெயரில் ஒரு லேபிளை, அதாவது சொந்த இசை வெளியீட்டு நிறுவனத்தை, தொடங்கிவிட்டார்கள். ஸ்டுடியோவுக்குப் போகாமல் மெர்ட்டன் கல்லூரித் தேவாலயத்தில் பதிவு செய்தார்கள். அந்தக் கட்டடத்தின் எதிரொலியே அவர்களுடைய அடையாளமாகிவிட்டது. 1987-இல் கிராமஃபோன் இதழின் 'ஆண்டின் சிறந்த இசைத்தட்டு' விருது, ஜோஸ்கான் என்ற பழைய இசையமைப்பாளரின் படைப்புகளை அவர்கள் பாடிய பதிவுக்குக் கிடைத்தது. பெரிய கம்பெனிகள் எல்லாம் போட்டியிட்ட விருது அது. உங்கள் நிலையும் கிட்டத்தட்ட இதுதான்: பழைய உருப்படிகள், சிறிய குழு, ராத்திரி அரங்கு.

பணப் பங்கீட்டுக்கு லண்டன் சிம்ஃபொனி இசைக்குழுவின் எல்.எஸ்.ஓ. லைவ் லேபிளைப் பார்க்கலாம். வாசிப்பவர்கள் பதிவுக்கென்று முன்பணம் வாங்காமல், விற்று வருவதில் பங்கு எடுத்துக்கொள்ளும் ஏற்பாடு. அந்த வழியில் வந்த, பெர்லியோஸ் என்ற இசையமைப்பாளரின் ஆபரா (இசை நாடகம்) பதிவுக்கு 2002-இல் கிராமி விருதுகளே கிடைத்தன. நீங்களும் ஐந்து பங்கு என்று ஒரு தாளில் எழுதி எல்லோரும் கையெழுத்துப் போடுங்கள். தயாரிப்பாளர் யார் என்பதும் அதில் இருக்கட்டும். சட்டப்படி, முன்முயற்சியும் பொறுப்பும் எடுத்துப் பதிவைச் செய்தவரே தயாரிப்பாளர். அரங்கு வாடகையும் ஒலிப்பதிவாளர் சம்பளமும் ஒருவர் கையிலிருந்து போயிருந்தால், நாளைக்கு இதில் மனஸ்தாபம் வரும்.

அப்புறம் பெயர் விவரங்கள். இதில்தான் நம்மவர்கள் கோட்டை விடுகிறார்கள். ஏற்றும்போது நிரப்பும் படிவம் சினிமாப் பாட்டுக்குத் தோதானது. ராகம், தாளத்துக்கு இடம் தேட வேண்டும். மேற்கத்திய செவ்வியல் இசைக்கே சாதாரணத் தேடல் போதாமல்தான் ஆப்பிள் 2023-இல் தனிச் செயலி கொண்டுவந்தது. எனவே தலைப்பிலேயே கிருதி, ராகம், தாளம் மூன்றையும் போடுங்கள். இயற்றியவர் என்ற இடத்தில் 'பாரம்பரியம்' என்று எழுதாமல் தியாகராஜர் பெயரைப் போடுங்கள். பல்லவி உங்களுடையது என்றால் அமைத்தவர் பெயர் வர வேண்டும். கடக்காரர் உட்பட ஐந்து பேரும் ஒவ்வொரு உருப்படியிலும் இருக்கட்டும். ஆங்கிலத்தில் தோடிக்கு எச் உண்டா இல்லையா என்று இப்போதே சண்டை போட்டு முடித்துவிடுங்கள். ஒரு பாட்டில் ஒரு மாதிரி, இன்னொன்றில் வேறு மாதிரி இருந்தால் தேடுபவருக்குப் பாதிதான் கிடைக்கும். ஒவ்வொரு உருப்படிக்கும் ஐ.எஸ்.ஆர்.சி. என்று எழுத்தும் எண்ணும் கலந்த 12 குறிகள் கொண்ட அடையாளக் குறியீடு தருவார்கள். குறித்து வையுங்கள், விநியோகஸ்தரை மாற்றினாலும் பழைய குறியீட்டையே கொடுக்க வேண்டும்.

வருமானம்? ஸ்பாட்டிஃபையில் 30 வினாடி ஓடினால் ஒரு தடவை கேட்டதாகக் கணக்கு. மூன்று நிமிடப் பாட்டும் உங்கள் நாற்பது நிமிடத் தோடியும் ஒன்றுதான். போதாக்குறைக்கு, 2024 முதல் பன்னிரண்டு மாதத்தில் 1,000 தடவையாவது கேட்கப்படாத உருப்படிக்குக் காசே கிடையாது. முழுத் தோடியும் ஒரே கணக்காகப் போகாமல் இருக்க, ராகம், தானம், பல்லவி, தனி ஆவர்த்தனம் என்று நான்காகப் பிரித்துப் போடுவதில் தப்பில்லை. வெட்டும் இடத்தைப் பார்த்துச் செய்யுங்கள். சில செயலிகளில் அடுத்த கோப்புக்குப் போகும்போது தம்பூரா ஒரு கணம் அறுந்து ஒலிக்கும், காதைக் கிள்ளியது போல இருக்கும். கிருதியை மட்டும் அதன் ஆலாபனையிலிருந்து பிரிக்காதீர்கள். காசுக்காக அந்த அளவுக்கு இறங்க வேண்டாம் என்பது என் அபிப்பிராயம்.

நேரடி விற்பனைக்கு பேண்ட்கேம்ப் என்ற இணையதளம் இருக்கிறது. டிஜிட்டல் விற்பனையில் 15 சதவீதமும் பணப் பரிமாற்றக் கட்டணமும் போக மீதியைத் தருகிறார்கள், வாங்குபவர் தரம் குறையாத கோப்பை இறக்கிக்கொள்ளலாம். கச்சேரி முடிந்து மேடைக்கருகே வந்து பேசுகிறவர்தான் உங்கள் முதல் வாடிக்கையாளர். சிடி போட இன்று பல வீடுகளில் கருவி இல்லை; கியூஆர் அச்சிட்ட அட்டை ஒன்று போதும். யூடியூபில் ஒன்றிரண்டு உருப்படி போடுங்கள், முழுவதையும் கொட்டாதீர்கள்.

வெளியிடும் முன் ஒன்றைக் கவனிக்க வேண்டும். தியாகராஜர் கிருதிகளுக்கு யார் அனுமதியும் தேவையில்லை. ஆனால் இந்தியாவில் இயற்றியவர் மறைந்து 60 ஆண்டுகள் வரை காப்புரிமை உண்டு. பாபநாசம் சிவன் மறைந்தது 1973-இல், ஆகவே 2033 முடியும்வரை. லால்குடி ஜெயராமன் 2013-இல் மறைந்தார், அந்தத் தில்லானாவுக்கு 2073 வரை. வர்ணம் யாருடையது என்று நீங்கள் எழுதவில்லை, அதுவும் லால்குடியுடையது என்றால் இதே கணக்குத்தான். உரிமை இப்போது யாரிடம் இருக்கிறது என்று விசாரித்து எழுத்தில் அனுமதி வாங்குங்கள். மார்கழிக்குள் வெளியிட எண்ணம் இருந்தால் அந்தக் கடிதத்தை இந்த வாரமே போட்டுவிடுங்கள். பதில் வரத் தாமதமானால் தில்லானாவையும் சிவன் பாட்டையும் நிறுத்தி வைத்து, மற்றதை முதலில் வெளியிடலாம்.

அன்புடன்.