செத்த பிரிவு

அன்புள்ள ஐயா,

சட்டக் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். ஒரு சட்டம் முடிவுக்கு வந்தால் செய்தித்தாள்கள் 'ரத்து', 'நீக்கம்', 'வாபஸ்' என்று மாற்றி மாற்றி எழுதுகின்றன. இணையத்தில் புண்படுத்தும்படி எழுதுவதைக் குற்றமாக்கிய தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவை உச்ச நீதிமன்றம் நீக்கியபோதும் அப்படித்தான். எல்லாம் ஒன்றுதானே? 'ரத்து' தமிழ்ச் சொல்லே இல்லை என்கிறார்களே, எழுதலாமா?

ஒரு மாணவி

அன்புள்ள மாணவிக்கு,

'ரத்து' அரபியிலிருந்து வந்து நம்மோடு தங்கிவிட்ட சொல். தாராளமாக எழுதுங்கள். ஆனால் "எல்லாம் ஒன்றுதானே" என்கிறீர்களே, சட்டம் படிக்கிற பிள்ளை கேட்கிற கேள்வியா அது?

மசோதாவைத்தான் வாபஸ் பெறலாம். நிறைவேறிய சட்டத்தை நீக்க இன்னொரு சட்டம் வேண்டும். மூன்று வேளாண் சட்டங்களையும் திரும்பப் பெறுவதாகப் பிரதமர் அறிவித்தது 2021 நவம்பர் 19. நாடாளுமன்றம் நீக்கச் சட்டத்தை நிறைவேற்றியது நவம்பர் 29.

இருபது வயதில் ஒரு வழக்கறிஞரிடம் குமாஸ்தாவாக இருந்தேன். புத்தகத்தில் நீக்கப்பட்ட பிரிவு ஒன்றை மையால் பட்டையாக அடித்து மறைத்துவிட்டேன். பெரியவர் அந்தத் தாளை விளக்குக்கு நேரே தூக்கிப் பிடித்து எழுத்துகளைத் தேடினார். "செத்த பிரிவுதானே ஐயா" என்றேன். "அது உயிரோடு இருந்தபோது நடந்ததற்கு நான் எதை வைத்து வாதாடுவேன்?" என்றார். சிவப்புப் பென்சிலும் அடிமட்டமும் என் கைக்கு வந்தன. எழுத்து தெரியும்படி மெல்லிய கோடு. ஓரத்தில் நீக்கிய சட்டத்தின் எண், தேதி. ஒரு சட்டத்தை நீக்கினாலும், அது இருந்தபோது நடந்ததற்குப் பொதுவாக அதுவே பொருந்தும் என்கிற, 1897ஆம் ஆண்டு ஜெனரல் கிளாசஸ் சட்டத்தின் 6ஆம் பிரிவை நான் கற்றது அந்தக் கோட்டில்தான். 2024 ஜூலை 1 முதல் இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாகப் புதிய நியாய சன்ஹிதா வந்துவிட்டது. ஆனாலும் ஜூன் 30 அன்று திருடியவன்மேல் வழக்கு பழைய தண்டனைச் சட்டப்படிதான்.

66ஏ அப்படியல்ல. நீதிமன்றம் சட்டத்தை நீக்குவதில்லை, செல்லாது என்று அறிவிக்கிறது. 2015 மார்ச் 24 அன்று அறிவித்தது. அதற்குப் பிறகும் அந்தப் பிரிவில் போலீஸ் வழக்குப் போடுவதை அறிந்து 2021இல் உச்ச நீதிமன்றமே அதிர்ந்தது. அச்சுப் புத்தகத்தில் பிரிவு அப்படியே இருக்கிறது, செல்லாது என்பது அடிக்குறிப்பில்தான் இருக்கிறது என்று அட்டர்னி ஜெனரல் விளக்கினார். நாடாளுமன்றம் நீக்கியிருந்தால் அந்த இடத்தில் அந்த வரிகள் நின்றிருக்காது. இணையத்தில் நாலு வரி எழுதியதற்காக, செல்லாத பிரிவில் ஒருவர் ஸ்டேஷன் வாசலில் நிற்க நேர்ந்ததை என்னால் ஆற்றிக்கொள்ள முடியவில்லை. நீங்களும் 'நீக்கியது' என்று எழுதுகிறீர்களே, அம்மா!

இன்று இரவே தகவல் தொழில்நுட்பச் சட்டத்தை எடுங்கள். 66ஏ இருந்தால் சிவப்புப் பென்சிலால் கோடு போடுங்கள். மெல்லிதாக. ஓரத்தில் 'செல்லாது, 24.3.2015' என்று எழுதுங்கள்.