சகுராவுக்குக் காத்திருக்க வேண்டாம், பிப்ரவரியிலேயே உமே பார்க்கக் கிளம்புங்கள்

தங்கச்சி, உங்கள் கேள்வி எனக்கு நன்றாகவே புரிகிறது. அக்டோபரில் ஜப்பானுக்கு, டோக்கியோவின் நிஷி கசாய்க்கு வந்தீர்கள். கணவர் காலையில் வேலைக்குப் போனால் இரவுதான் வீடு திரும்புகிறார். மரமெல்லாம் மொட்டையாக நிற்கிறது. யாரைக் கேட்டாலும், சகுரா என்கிற செர்ரி பூக்கட்டும், எல்லாம் சரியாகிவிடும் என்கிறார்கள். இதற்கு நடுவில் பிப்ரவரியிலேயே ஏதோ பிளம் பூ பார்க்கப் போவார்களாமே, தனியாகப் போகலாமா, கோயிலுக்குள் நம்மை விடுவார்களா என்று கேட்டிருக்கிறீர்கள்.

தாராளமாகப் போகலாம். அந்தப் பூவுக்குப் பெயர் உமே. பல வருஷமாக இங்கே குளிர்காலத்தைக் கழிப்பவள் சொல்கிறேன், புதிதாக வந்தவர்களுக்கு ஏற்ற பூ அதுதான். சகுரா ஒரு வாரம், பத்து நாளில் கொட்டிவிடும். அந்த நாள்களில் பூங்கா முழுக்க விரிப்பு போட்டுக் கூட்டம் கூட்டமாகச் சாப்பிடுவார்கள், குடிப்பார்கள். துணையில்லாமல் போனால் தனிமை இன்னும் உறைக்கும். உமே அப்படியில்லை. ரகத்துக்கு ரகம் முன்பின்னாகப் பூப்பதால் ஜனவரி கடைசி முதல் மார்ச் பாதி வரை ஏதாவது ஒரு மரம் பூத்துக்கொண்டே இருக்கும். பார்க்க வருகிறவர்களும் மெதுவாக நடந்து, ஒரு மரத்தடியில் நின்று, மூக்கைக் கிளைக்குப் பக்கத்தில் கொண்டுபோய்விட்டு அடுத்த மரத்துக்குப் போவார்கள். பாதிப் பேர் தனியாக வந்த பெரியவர்கள்தான். உங்களை யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள்.

எது உமே என்று குழம்ப வேண்டாம். சகுராவுக்கு நீளக் காம்பு இருக்கும், கொத்தாகத் தொங்கும், இதழ் நுனியில் சின்ன வெட்டு இருக்கும். உமேவுக்குக் காம்பே இல்லாத மாதிரி, பூ கிளையோடு ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும். இதழ் உருண்டை. வெள்ளை, இளஞ்சிவப்பு, அடர்சிவப்பு என்று நிறங்கள். வாசனையை வைத்தே கண்டுபிடித்துவிடலாம். மல்லிகை மாதிரி தூரத்திலேயே ஆளை இழுக்காது. வெயில் ஏறிய பிறகு, காற்று நின்ற நேரத்தில், லேசான தித்திப்போடு வரும். கண்ணைச் சுற்றி வெள்ளை வளையத்தோடு ஒரு பச்சைக் குருவி பூவுக்குள் தலையை விட்டுத் தேன் குடிப்பதையும் பார்ப்பீர்கள். அதன் பெயர் மெஜிரோ.

முதலில் டோக்கியோவிலேயே இருக்கும் யுஷிமா தென்மங்கு கோயிலுக்குப் போங்கள். கோயிலுக்குப் போகும் வழிகளில் இரண்டு படிவழி பக்கத்தில் பக்கமாக உண்டு. நேராக ஏறும் செங்குத்தான படிக்கு ஆண் சரிவு என்றும், பக்கத்தில் சாய்வாக ஏறுவதற்குப் பெண் சரிவு என்றும் பெயர். பெண் சரிவிலேயே ஏறுங்கள், ஏறும்போதே பூ தொடங்கிவிடும். மொத்தம் 300 மரம் போல இருக்கும், பெரும்பாலும் வெள்ளை. பிப்ரவரி 8-ஐ ஒட்டித் தொடங்கும் உமே விழா ஒரு மாதம் நடக்கும். உள்ளே போகக் காசு இல்லை, எந்த மதத்தாரும் போகலாம். வாசல் தொட்டியில் கை கழுவிவிட்டு, சன்னதி முன் இரண்டு முறை குனிந்து, இரண்டு முறை கைதட்டி, கும்பிட்டு, இன்னொரு முறை குனிந்தால் முடிந்தது.

அந்தக் கோயிலில் பூவுக்கும் சாமிக்கும் உள்ள சம்பந்தம் தெரிந்து போனால் இன்னும் நன்றாக இருக்கும். சுகவாரா நோ மிச்சிசானே என்று ஒரு பெரும்புலவர், அமைச்சராகவும் இருந்தவர். எதிரிகள் கோள் மூட்டியதால் 901-இல் அன்றைய தலைநகர் கியோத்தோவிலிருந்து தூர மேற்கே உள்ள தசாய்ஃபுவுக்குத் துரத்தப்பட்டார். புறப்படும் முன், வீட்டு முற்றத்தில் இருந்த உமே மரத்தைப் பார்த்து ஒரு பாட்டுச் சொன்னார்: கீழைக்காற்று அடிக்கும்போது உன் மணத்தை எனக்கு அனுப்பு, உன்னை வளர்த்தவன் இல்லை என்பதற்காக வசந்தத்தை மறந்துவிடாதே என்பது அதன் சாரம். அந்த மரம் பிரிவு தாங்காமல் ஒரே இரவில் பறந்து அவரிடம் போய்ச் சேர்ந்தது என்பது ஐதீகம். தசாய்ஃபு கோயிலில் இன்றும் பறந்த உமே என்று ஒரு மரத்தைக் காட்டுகிறார்கள். அவர் 903-இல் அங்கேயே இறந்துபோனார். அதன்பின் தலைநகரில் நோய், சாவு, 930-இல் அரண்மனையிலேயே இடி. அவருடைய கோபம்தான் என்று பயந்து, தென்ஜின் என்று தெய்வமாக்கிக் கோயில் கட்டினார்கள். ஊரைப் பிரிந்து வந்த நமக்கு அந்தப் பாட்டு எங்கே போய்த் தைக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

இன்று தென்ஜின் கல்விக்குச் சாமி. தேசியப் பல்கலைக்கழகங்களின் இரண்டாம் கட்ட நுழைவுத் தேர்வு பிப்ரவரி 25-இல் தொடங்குகிறது, அதனால் பூக்கிற நேரமும் பரீட்சை நேரமும் ஒன்றாக வந்துவிடும். யுஷிமாவில் வேண்டுதல் எழுதிய எமா என்ற மரப்பலகைகள் ஒன்றின்மேல் ஒன்றாகத் தொங்குவதைப் பாருங்கள். கல்லூரிப் பெயரைக் கொட்டை எழுத்தில் எழுதி, கீழே அம்மாக்கள் பொடியாக ஏதாவது சேர்த்திருப்பார்கள். நம் வீட்டுப் பிளஸ் டூ மார்ச் மாதம் நினைவுக்கு வந்துவிடும்.

இன்னொன்று. வார்டு ஆபீசில் தேதி எழுதும் இடத்தில் எல்லாம் ரெய்வா என்று பார்த்திருப்பீர்கள். 2019-இல் புதிய பேரரசரோடு தொடங்கிய இந்தச் சகாப்தத்தின் பெயரே, 730-இல் அதே தசாய்ஃபுவில் நடந்த உமே விருந்தில் பாடிய 32 பாடல்களின் முன்னுரையிலிருந்து எடுத்ததுதான். அந்தக் காலத்தில் கவிஞர்கள் அதிகம் கொண்டாடியது சகுராவை அல்ல, இந்தப் பூவைத்தான்.

கணவருக்கு லீவு கிடைக்கும் ஒரு நாள் மித்தோ நகரத்து கய்ராகுஎன் தோட்டத்துக்குப் போய்விடுங்கள். டோக்கியோவின் உயேனோ ஸ்டேஷனிலிருந்து எக்ஸ்பிரஸ் ரயிலில் ஒன்றேகால் மணி நேரம். 1842-இல் தொகுகாவா நரிஅகி என்ற பிரபு, குடிமக்களும் வந்து மகிழட்டும் என்று திறந்த தோட்டம். நூறு ரகங்களில் 3,000 மரம். பஞ்சத்துக்கும் போருக்கும் காயை ஊறுகாயாகச் சேமிக்கலாம் என்ற கணக்கும் அவருக்கு இருந்தது. விழாக் காலத்து சனி ஞாயிறுகளில் தோட்டத்துக்குப் பக்கத்திலேயே தற்காலிக ஸ்டேஷன் திறப்பார்கள். ஆனால் மித்தோ நோக்கிப் போகும் ரயில் மட்டும்தான் அங்கே நிற்கும், திரும்புவதற்கு மித்தோ ஸ்டேஷனுக்குத்தான் போக வேண்டும். பலரும் கிழக்கு வாசலில் நுழைந்து நேரே பூவைப் பார்த்துவிடுகிறார்கள். நீங்கள் கொஞ்சம் சுற்றி நடந்து முன் வாசலில் நுழையுங்கள். முதலில் மூங்கிலும் சீடர் மரமும் அடர்ந்து இருட்டாக, சில்லென்று இருக்கும். அதைக் கடந்து வெளிச்சத்தில் அத்தனை பூவும் ஒரே நேரத்தில் தெரியும்போதுதான் அந்தத் தோட்டத்தை ஏன் அப்படி அமைத்தார்கள் என்று புரியும்.

கியோத்தோ பக்கம் போக வாய்த்தால் கித்தானோ தென்மங்கு. மிச்சிசானேயின் நினைவு நாளான பிப்ரவரி 25-இல் விழா, மரத்தடியில் தேநீர் பரிமாறுவார்கள். கூட்டம் இருக்கும், இருந்தாலும் பார்க்கத்தான் வேண்டும்.

அப்புறம் சில நடைமுறை விஷயங்கள். பிப்ரவரி பாதியிலேயே சீடர் மகரந்தம் பறக்கத் தொடங்கும். கண் அரிப்பு, தும்மல் என்றால் சளி என்று நினைத்துவிடாதீர்கள், மாஸ்க் போட்டுக்கொள்ளுங்கள். கடைகளில் அமசாகே என்ற இனிப்பான அரிசிப் பானம் சூடாகக் கிடைக்கும். அரிசி நொதியில் செய்ததில் போதை கிடையாது, சாகே என்ற அரிசி மதுவின் சக்கையில் செய்ததில் கொஞ்சம் இருக்கலாம், கேட்டு வாங்குங்கள். உமே காயில் போடும் உமேபோஷி ஊறுகாய் தயிர்சாதத்துக்கு அவ்வளவு பொருத்தம். சைவம் என்றால் பாக்கெட்டைத் திருப்பி, கட்சுவோ என்ற மீன் சீவல் சேர்த்திருக்கிறதா என்று பாருங்கள்.

காற்றில்லாத, வெயிலடிக்கும் ஒரு வாரநாளில் பத்து மணிக்கு மேல் கிளம்புங்கள். நிஷி கசாயிலிருந்து தோசாய் மெட்ரோ லைனில் ஓதெமாச்சி வரை, அங்கே சியோதா லைனுக்கு மாறினால் யுஷிமா. ஓதெமாச்சி பெரிய ஸ்டேஷன், பச்சை வட்டம் போட்ட பலகையைப் பின்பற்றினால் போதும்.