அளவு சரியாக இருக்கும்போது மாத்திரை எதற்கு?

கேள்வி: எனக்கு 52 வயது. மூன்று ஆண்டுகளாக இரத்த அழுத்தத்திற்கு அம்லோடிபின் மாத்திரை ஒன்றை நாள்தோறும் எடுத்து வந்தேன். சென்ற மாதம் பரிசோதித்தபோது 124/78 என்று இருந்தது. சரியாகிவிட்டது என்று எண்ணி மாத்திரையை நிறுத்தினேன். நான்கு நாள் கழித்துப் பார்த்தபோதும் ஏறக்குறைய அதே அளவுதான். உடம்பிலும் எந்தத் தொந்தரவும் இல்லை. ஆனால் இப்போது 158/96 காட்டுகிறது. மாத்திரைக்கு உடம்பு அடிமையாகிவிட்டதா?

பதில்: இல்லை. அழுத்தம் ஏறும் இயல்பு இந்த மூன்று ஆண்டுகளும் உங்கள் உடலில் இருந்துகொண்டேதான் இருந்தது. மாத்திரை அதை அடக்கி வைத்திருந்தது. அம்லோடிபின், இரத்தக் குழாய்ச் சுவரிலுள்ள தசைக்குள் கால்சியம் புகுவதைக் குறைத்துக் குழாயைத் தளர்த்துகிறது. குழாய் இறுகுவதற்குப் பின்னால் இருக்கும் மரபு, வயது, உடல் எடை, உப்பை வெளியேற்றுவதில் சிறுநீரகத்தின் திறன் ஆகிய எதையும் அது மாற்றுவதில்லை. ஆகவே நீங்கள் கண்ட 124/78, மருந்து தன் வேலையைச் சரிவரச் செய்ததற்கான சான்று என்றே கொள்ள வேண்டும்.

நான்காம் நாள் அளவு உங்களை ஏமாற்றியதற்கும் காரணம் உண்டு. இந்த மருந்து உடலை விட்டு மெதுவாகவே வெளியேறும். இரத்தத்தில் அதன் அளவு பாதியாகக் குறையவே 30 முதல் 50 மணி நேரம் ஆகும். எனவே நிறுத்திய பிறகும் சில நாள்களுக்கு அதன் பயன் நீடிக்கும். அந்த இடைவெளியில் அளந்து பார்ப்பவர், மாத்திரை இல்லாமலே தாம் நலமாக இருப்பதாக முடிவு செய்து, அதன் பிறகு அளப்பதையே விட்டுவிடுகிறார். நீங்கள் மீண்டும் அளந்து பார்த்தது நல்லதாயிற்று. வேறு சில மருந்துகளில் நிலைமை இன்னும் கடுமையானது: குளோனிடின் என்னும் இரத்த அழுத்த மருந்தைத் திடீரென நிறுத்தினால் அழுத்தம் முன்பிருந்ததைவிடவும் மேலே பாயக்கூடும், இதயத் துடிப்பைத் தணிக்கும் பீட்டா தடுப்பான் வகை மருந்துகளைச் சட்டென்று விடுவது, இதய நோய் உள்ளவருக்கு நெஞ்சுவலியையும் மாரடைப்பையும்கூடக் கொண்டுவரலாம்.

உங்களைப் போலச் செய்பவர்கள் மிகப் பலர் என்பதால்தான் இதை விரிவாக எழுதுகிறேன். உலக சுகாதார நிறுவனம் 2023 இல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, 30 முதல் 79 வயது வரையுள்ளவர்களில் ஏறத்தாழ 128 கோடிப் பேருக்கு உயர் இரத்த அழுத்தம் இருக்கிறது. அவர்களில் 46 விழுக்காட்டினருக்கு அது இருப்பதே தெரியாது. ஐந்தில் ஒருவருக்கு மட்டுமே கட்டுக்குள் உள்ளது. இவ்விரண்டு தொகையையும் கழித்துப் பார்த்தால், நோய் இருப்பது தெரிந்தும் அது கட்டுக்குள் வராதவர்கள் மூன்றில் ஒரு பங்கினர் என்று தெரியவரும். மருந்து கிடைக்காமை, மருந்தின் அளவு போதாமை என்று இதற்குப் பல காரணங்கள் உண்டு. ஆயினும், மருந்து கையில் இருந்தும் அது எதற்காக என்பதை யாரும் விளக்கிச் சொல்லாததால் நிறுத்திவிடுபவர்களை எண்ணும்போதுதான் எனக்கு மிகவும் வருத்தமாக இருக்கிறது. அந்த விளக்கத்தைக் கொடுக்க வேண்டிய கடமை எங்களுடையது.

வாழ்நாள் முழுவதும் மாத்திரைதானா என்று நீங்கள் கேட்கக்கூடும். பெரும்பாலோருக்கு ஆம். எனினும் உடல் எடையைக் கணிசமாகக் குறைத்தவர்கள், உப்பை நாளொன்றுக்கு 5 கிராமுக்குக் கீழே கொண்டுவந்தவர்கள், மதுவை விட்டவர்கள் ஆகியோரில் சிலருக்கு மருந்தின் அளவைக் குறைக்க முடிகிறது. அரிதாகச் சிலருக்கு நிறுத்தவும் முடிகிறது. ஆனால் அது மருத்துவரின் கண்காணிப்பில், படிப்படியாக, வாரக்கணக்கில் அளந்து பார்த்துச் செய்ய வேண்டிய காரியம். இந்த வாரமே உங்கள் மருத்துவரைப் பார்த்து, மாத்திரையை நிறுத்தியதையும் நிறுத்திய நாளையும் மறைக்காமல் சொல்லுங்கள். சொல்லாவிட்டால், மாத்திரை போதவில்லை என்று கருதி அவர் இரண்டாவது மருந்தைச் சேர்த்துவிடக்கூடும்.

கேள்வி: என் அம்மாவுக்கு 67 வயது. தலைவலி வந்தால் பிரஷர் ஏறிவிட்டது என்று சொல்லி, அன்றைக்கு மட்டும் மாத்திரை போட்டுக்கொள்கிறார். தலை வலிக்கும்போது அளந்தால் உண்மையிலேயே கூடுதலாகத்தான் இருக்கிறது. எப்படிப் புரியவைப்பது?

பதில்: உங்கள் அம்மா கவனித்தது பொய்யில்லை, அதற்கு அவர் கூறும் காரணம்தான் தவறு. எந்த வலியும் சிறிது நேரத்திற்கு இரத்த அழுத்தத்தை உயர்த்தும். தலைவலியின்போது மட்டும் அளப்பவருக்கு எப்போதும் உயர்ந்த எண்ணே கிடைக்கும். அது அவருடைய நம்பிக்கையை மேலும் உறுதியாக்கும். தலை வலிக்காத நாள்களில், காலையிலும் மாலையிலுமாக ஒரு வாரம் அளந்து அவரிடமே காட்டுங்கள். எவ்விதத் தொந்தரவும் இல்லாத நாளிலும் எண் உயர்ந்திருப்பதைத் தம் கண்ணால் பார்ப்பது, நாம் சொல்லும் பத்து அறிவுரைகளைவிடப் பயன் தரும். மூளை, இதயம், சிறுநீரகம், விழித்திரை ஆகியவற்றின் குழாய்கள் வலியே இல்லாமல்தான் ஆண்டுக்கணக்கில் பாதிக்கப்படுகின்றன.

அவரிடம் இன்னொன்றையும் மெதுவாகக் கேட்டுப் பாருங்கள்: மாத்திரையால் ஏதேனும் தொல்லை இருக்கிறதா? அம்லோடிபினால் கணுக்கால் வீங்கலாம். எனலாப்ரில், ராமிப்ரில் வகை மருந்துகளால் வறட்டு இருமல் வரலாம். சிறுநீரைப் பெருக்கும் மாத்திரையால் வெளியே செல்லும் நாள்களில் சங்கடம் ஏற்படலாம். வயதான பெண்கள் பலர் இவற்றை வெளியே சொல்லக் கூச்சப்பட்டு, மாத்திரையை ஓசையின்றி விட்டுவிடுகிறார்கள். இவை ஒவ்வொன்றுக்கும் மாற்று மருந்து உண்டு. 180/120 அல்லது அதற்கு மேற்பட்ட அளவுடன் நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், பேச்சுக் குழறல், முகமோ கையோ ஒரு பக்கம் வலுவிழத்தல் ஆகியவற்றில் எது இருந்தாலும், வீட்டில் மாத்திரை கொடுத்துக் காத்திராமல் உடனே அவசர சிகிச்சைக்கு அழைத்துச் செல்லுங்கள்.

கேள்வி: வீட்டில் ஒரு கருவி வாங்கி வைத்திருக்கிறேன். ஒவ்வொரு முறையும் வேறு வேறு எண் காட்டுகிறது. மருத்துவமனையிலோ இன்னும் அதிகம். எதை நம்புவது?

பதில்: இரத்த அழுத்தம் நொடிக்கு நொடி மாறும் என்பதால் எண்கள் வேறுபடுவது இயல்பே, ஒற்றை எண்ணை வைத்து மகிழவோ அஞ்சவோ வேண்டாம். அளப்பதற்கு முன் அரை மணி நேரம் காப்பி, புகை, உடற்பயிற்சி ஆகியவற்றைத் தவிர்த்து, சிறுநீர் கழித்துவிட்டு, முதுகைச் சாய்த்து, பாதங்களைத் தரையில் பதித்து ஐந்து நிமிடம் பேசாமல் அமர்ந்திருங்கள். கையைச் சுற்றிக் கட்டும் கருவியின் பட்டை, சட்டையின் மேல் இல்லாமல் வெறும் மேற்கையில், இதயத்தின் மட்டத்தில் இருக்க வேண்டும். பட்டை கைக்குச் சிறியதாக இருந்தால் எண் கூடுதலாகக் காட்டும். ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு முறை அளந்து இரண்டையும் குறித்து வையுங்கள்.

மருத்துவமனையில் மட்டும் அழுத்தம் உயர்பவர்கள் பலர் உண்டு. அங்கே இயல்பாகவும் வீட்டில் உயர்ந்தும் இருப்பவர்களும் உண்டு. பின்னவர்கள் எளிதில் கவனத்திலிருந்து தப்பிவிடுகிறார்கள். மருத்துவமனையில் 140/90 எனக் கொள்ளப்படும் எல்லை, வீட்டில் அளக்கும்போது 135/85 ஆகும். உங்களுக்கான இலக்கு எது என்பதை மருத்துவரிடம் கேட்டு, குறிப்பேட்டின் முதல் பக்கத்தில் எழுதிக்கொள்ளுங்கள். இதய நோய், நீரிழிவு, சிறுநீரக நோய் உள்ளவர்களுக்குப் பொதுவாக மேல் எண் 130-க்குக் கீழே இருக்க வேண்டும் என்பார்கள். குறிப்பேட்டோடு, நீங்கள் உட்கொள்ளும் மற்ற மாத்திரைகளின் பெயர்களையும் எடுத்துச் செல்லுங்கள். மூட்டுவலிக்காகக் கடையில் கேட்டு வாங்கும் டைக்ளோஃபெனாக், இபுபுரூஃபென் போன்றவை இரத்த அழுத்தத்தை உயர்த்துவதோடு, அதற்காகத் தரப்படும் சில மருந்துகளின் பயனையும் குறைத்துவிடும்.