சின்ன பைபர் வள்ளத்துக்கு செலவு கம்மியா எல்இடி லைட் எது வாங்கலாம், எப்படி மாட்டலாம்?

நான் குளச்சல், முட்டம் பக்கம் வள்ளங்களுக்கு வயரிங் வேலை செய்யுறேன், அதனால இத கொஞ்சம் விரிவாவே சொல்லுறேன். லைட் வாங்க வர்றவங்க மொதல்ல கேக்குறது எத்தன வாட்டுனு தான். நான் திருப்பி கேக்குறது, ராத்திரி வலைய போட்டுட்டு கெடக்கும்போது ஒங்க வள்ளம் கப்பல்காரனுக்கு தெரியுமானு. நம்ம கன்னியாகுமரி முனைய சுத்தி தான் கிழக்கயும் மேக்கயும் போற கப்பல் எல்லாம் வருது, 9 மீட்டர் வள்ளம் அவங்களுக்கு அலையோட அலையா தான் தெரியும். அதனால காசு கம்மினா மொத காசு வெளிச்சத்துக்கு போகக்கூடாது, நம்மள அடையாளம் காட்டுற லைட்டுக்கு போகணும்.

12 மீட்டருக்கு கீழ உள்ள வள்ளம் ஓடும்போது சுத்தி எல்லா பக்கமும் தெரியுற வெள்ளை லைட் ஒண்ணு ஒசத்துல, இடது பக்கம் சிவப்பு, வலது பக்கம் பச்சை, இவ்வளவு போதும். வெள்ளை 2 கடல் மைலுக்கும் சைடு லைட் 1 மைலுக்கும் தெரியணும்னு சர்வதேச விதி. வலை போட்டு கெடக்கும்போது மேல சிவப்பு கீழ வெள்ளை, ரெண்டும் சுத்தி தெரியுறது (மேல பச்சைனா அது இழுவலை இழுக்குற படகு). இதுக்கெல்லாம் 3 வாட் எல்இடி தாராளம், ஒரு லைட் 12 வோல்ட்ல கால் ஆம்பியர் தான் இழுக்கும், ராத்திரி 10 மணி நேரம் எரிஞ்சாலும் பேட்டரியில ரெண்டரை ஏஎச் (ஆம்பியர் ஹவர்) தான் போகும். பழைய 55 வாட் ஹாலோஜன்னா அதே நேரத்துல 46 ஏஎச் குடிச்சிரும். கயிறு இழுத்து ஸ்டார்ட் பண்ற மண்ணெண்ணெ மோட்டர்ல நெறைய பேருக்கு சார்ஜிங் கெடையாது, பேட்டரிய வீட்டுக்கு தூக்கிட்டு போய் தான் சார்ஜ் போடணும், அப்போ இந்த கணக்கு ரொம்ப முக்கியம்.

வலை பிரிக்க ஒரு 10 வாட் லைட் போதும், அத பின்னால ஒசத்துல கீழ பாத்து மாட்டுங்க, ஓட்டுறவர் கண்ணுல அடிச்சா அதுக்கப்புறம் அவருக்கு இருட்டுல எதுவும் தெரியாது. வாங்கும்போது ஐபி67 (தூசியும் தண்ணியும் உள்ள போகாதுங்குற தர அடையாளம்) இருக்கா, 10-ல இருந்து 30 வோல்ட் வர தாங்குமானு பாருங்க. வெறும் 12 வோல்ட்னு போட்டிருக்குறது மோட்டர் சார்ஜிங் 14-க்கு மேல ஏறும்போது சீக்கிரம் செத்துரும். இன்னொண்ணு, லைட்டுக்குள்ள கரண்ட்ட கட்டுப்படுத்துற சர்க்யூட் (டிரைவர்) மட்டமா இருந்தா விஎச்எப் ரேடியோவுல இரைச்சல் போடும், அதனால லைட்ட போட்டு 16-ஆம் சேனல கேட்டு பாத்துட்டு மாட்டுங்க. ஆபத்துல கூப்பிடுற சேனல் அது, அதுல கொர்ருனு சத்தம் இருந்தா கரையில இருந்து கூப்பிடுறது கேக்காது.

லைட்ட விட வயர் தான் சீக்கிரம் கெட்டுப் போகும். சாதா செம்பு வயர் உப்புக்காத்துல உள்ளுக்குள்ளயே பச்சை பூத்து நொறுங்கிரும், வெளியில ரப்பர் நல்லா தான் இருக்கும், டின் கோட்டிங் உள்ளது கொஞ்சம் வெலை கூட ஆனாலும் வாங்குங்க. முறுக்கி கருப்பு டேப் சுத்துறது வேண்டவே வேண்டாம், கிரிம்ப் (வயர உலோகக் குழாய்ல நுழைச்சு நசுக்குறது) அடிச்சு, மேல பசை உள்ள ஹீட் ஷ்ரிங்க் (சூடு காட்டினா சுருங்கி ஒட்டிக்குற குழாய்) போடுங்க. பேட்டரி பிளஸ் பக்கத்துலயே 5 ஆம்பியர் பியூஸ், டெர்மினல்ல வாசலின். பைபர்ல ஓட்டை போட்டா அந்த ஓட்டையோட ஓரத்துக்கு ரெசின் தடவிட்டு தான் போல்ட்டு போடணும், இல்லனா தண்ணி உள்ள எறங்கி பைபருக்கு நடுவுல இருக்குற பலக ஊறிரும். காம்பஸ் இருந்தா பக்கத்துல வயர் போகாம பாத்துக்கிடுங்க, போயே ஆகணும்னா பிளஸ் மைனஸ் ரெண்டையும் சேத்து முறுக்கி விடுங்க.

மீன கூட்ட பெரிய எல்இடி போடலாமானும் சிலர் கேக்குறாங்க. அது 2017 நவம்பர்லயே மத்திய அரசு தடை பண்ணினது, அதுவும் குஞ்சு மீனயும் சேத்து அள்ளிட்டு போற வேலை, நான் அத யாருக்கும் மாட்டி குடுக்க மாட்டேன்.

எல்லாம் முடிஞ்சதும் ராத்திரி கரையில வச்சே எரியவிட்டு, கொஞ்சம் தள்ளி நின்னு நாலு பக்கமும் சுத்தி வந்து பாருங்க, மோட்டரோ நிக்குற ஆளோ வெள்ளை லைட்ட மறைச்சா கம்பத்த இன்னும் ஒசத்தணும்.