மூன்று வாரம் படுத்தால்

அன்புள்ள ஐயா,

போன மாதம் பள்ளித் தோழர்கள் ஒன்றுகூடினோம். எல்லோருக்கும் 58 வயது. ஒருவன் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டுதான் படியேறினான். இன்னொருவனைப் பார்த்து என் மகன் "உங்க ஜூனியராப்பா?" என்றான். "எல்லாம் பரம்பரை வாகு" என்று பேச்சை முடித்துவிட்டார்கள். நம் கையில் எதுவுமே இல்லையா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

பரம்பரைக்குப் பங்கு உண்டு. ஆனால் உங்கள் கடிதம் படித்ததும் எனக்கு ஞாபகம் வந்தது, 1966இல் அமெரிக்காவின் டாலஸில் ஐந்து இளைஞர்களை ஆய்வுக்காகப் படுக்கப் போட்ட கதைதான். 20 வயது, ஆரோக்கியமானவர்கள். மூன்று வாரம் கட்டிலிலேயே கிடக்க வேண்டும். எழுந்தபோது, முழு வேகத்தில் இயங்கினால் உடம்பு எடுத்துக்கொள்ளும் ஆக்சிஜன் கால் பங்குக்கு மேல் குறைந்திருந்தது.

30 வருடம் கழித்து அதே ஐந்து பேரைக் கூப்பிட்டுச் சோதித்தார்கள். 30 வருடத்தில் குறைந்ததைவிட அந்த மூன்று வாரத்தில் குறைந்ததுதான் அதிகம்! அப்புறம் ஆறு மாதம் நடை, மெல்லோட்டம், சைக்கிள் என்று பழக்கினார்கள். 20 வயதில் படுக்கப் போவதற்கு முன்பிருந்த அளவுக்கே திரும்பிவிட்டார்கள். எடை மட்டும் பெரிதாகக் குறையவில்லை. என் தொப்பைக்கு இது ஓர் ஆறுதல்.

நம் வீடுகளில் நடப்பதோ நேர்மாறு. அறுபது தாண்டினால் கையிலிருக்கும் பையைப் பிடுங்கிக்கொள்வோம், "நீங்க உட்காருங்க, நாங்க பாத்துக்கிறோம்" என்போம். மரியாதைதான். ஆனால் அந்தக் கட்டில் கதையை நாமே தவணை முறையில் நடத்திக்கொண்டிருக்கிறோம்.

சரி, எல்லாமே அவரவர் முயற்சி என்றும் சொல்லிவிட முடியாது. நியூசிலாந்தின் டுனெடினில் 1972-73இல் பிறந்த ஆயிரம் பேரை ஆய்வாளர்கள் பிறந்ததிலிருந்தே பின்தொடர்கிறார்கள். 38 வயதில் சிறுநீரகம், நுரையீரல், ரத்த அழுத்தம் என்று அளந்து உடம்பின் வயதைக் கணக்கிட்டபோது, சிலருக்கு 30கூட வரவில்லை; சிலர் 60ஐத் தொட்டிருந்தார்கள். வேகமாக மூப்படைந்தவர்களில் பலருக்குச் சிறுவயதில் வறுமையோ கொடுமையோ இருந்தது.

அதனால் படியேற முடியாத அந்த நண்பரிடம் "வாக்கிங் போகலாமே" என்று சொல்வதற்கு முன், இத்தனை வருடம் என்ன வேலை பார்த்தார், இரவுப் பணியா, சின்ன வயதில் வீட்டில் சாப்பாடு எப்படி இருந்தது என்று கேட்டுப் பாருங்கள். அப்புறம் கூடவே நடக்கக் கூப்பிடுங்கள்.